தலை இருக்கிறதா, இல்லையா?

கலாமணி என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் பின்லாந்துக்காரி ஒருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நேரில் இல்லை, எழுத்தில்தான். அவள் பெயர் மர்யா. அவளும் நானும், பிரேசிலில் இருக்கும் ஒட்டாவியோ என்பவனும் சேர்ந்து ஒன்பது வருடமாக ஒரு மென்பொருளைக் கட்டிக் காப்பாற்றி வருகிறோம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. பார்த்திருந்தால் இவ்வளவு நாள் ஒற்றுமையாக இருந்திருப்போமா என்பது சந்தேகம்.

"ஏனுங்க, உங்களைப் பாக்க ஒருத்தர் வந்திருக்காங்க. பையில சட்டி இருக்குது," என்றாள் என் மனைவி யமுனா.

சட்டி என்றால் சமையல் சட்டி இல்லை. கண்ணை மறைத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட்டுக்கு எங்கள் கரூர்ப் பக்கம் வைத்த பெயர். அதைச் செய்த நிறுவனம் 2032-இல் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. சட்டி தானாக வேலை செய்யாது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, கண் எங்கே பார்க்கிறது என்று கணினிக்கு எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர் வேலை பார்க்கும் மென்பொருள்தான் டிரைவர். நிறுவனம் போனதும் டிரைவரும் போனது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான சட்டிகள் குப்பைக்குப் போகவிருந்த நேரத்தில் நாங்கள் மூவரும் புதிதாக ஒரு டிரைவர் எழுதினோம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், இனாமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்த மூலமாக இணையத்தில் வைத்தோம். எடுத்துக்கொண்டார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை? ஊஹூம். வேலை செய்யவில்லை என்றால் மட்டும் கடிதம் வரும், அதுவும் நான் ஏதோ அவர்கள் வீட்டுச் சம்பளக்காரன் மாதிரி.

அதனால் யாராவது சட்டியோடு வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

கலாமணிக்கு முப்பத்து நான்கு வயது இருக்கும். பைபாஸ் ரோட்டில் 'நெடுங்கை' என்று ஒரு நிலையம் இருக்கிறதே, அங்கே வேலை. நாற்பத்தொரு பேர் வரிசையாக உட்கார்ந்து சட்டியை மாட்டிக்கொள்வார்கள். இவர்கள் இங்கே கையை நீட்டினால், நெதர்லாந்தில் ஒரு பூக்கிடங்கில் நாற்பத்தொரு இயந்திரங்கள் கையை நீட்டி ரோஜாத் தட்டுகளை எடுத்து அடுக்கும்.

"அஞ்சு வருசமா பூ அடுக்கறேனுங்க. ஒரு நாளு வாசம் பாத்ததில்லை," என்றாள் கலாமணி. யமுனா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"விஷயத்தைச் சொல்லுங்க," என்றேன்.

போன வியாழக்கிழமை அவளுடைய இயந்திரம் பதினொரு நிமிடம் ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டதாம். கிடங்கில் பின்னால் வந்த இயந்திரங்கள் எல்லாம் வரிசை கட்டி நின்றிருக்கின்றன. பதிவைப் பார்த்தால் அந்தப் பதினொரு நிமிடமும் சட்டி தலையில் இருந்ததாகச் சொல்கிறது. ஆனால் பக்கத்து வரிசை மேற்பார்வையாளர் அவள் இருக்கை காலியாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்.

"நான் டிரைவரைத் திருத்தி ஏமாத்திட்டேன்னு சொல்றாங்க. புதன்கிழமை விசாரணை வெச்சிருக்காங்க."

"திருத்தினீங்களா?"

"என்ர போன்ல அலாரம் வெக்கறதுக்கே புள்ளையக் கூப்பிடறவ நானு," என்றாள். பிறகு குரல் இறங்கியது. "மோசடின்னு எழுதிட்டா எந்த ஊர்லயும் சட்டி வேலை கெடைக்காதுங்க. எங்க வீட்டுக்காரரு தறி நின்னு ஒரு வருசமாச்சு. ரெண்டு புள்ளைக படிக்குதுக. நீங்க எழுதுன டிரைவருதானுங்களே, அதுல எந்தத் திருத்தமும் இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க."

எனக்கு ஒன்று புரியவில்லை. சட்டி தலையில் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து யார் யாரை விசாரிப்பது? கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"தலைநேரம் தெரியாதுங்களா உங்களுக்கு? சட்டி தலையில இருந்தாத்தான் வேலை நேரம். கழட்டினா இல்லை. ஒரு ஷிப்டுக்கு ஆறு நிமிசம் கழட்டலாம், அதுக்கு மேல போனா எழுத்துல விளக்கம் வாங்கிருவாங்க. டிரைவரு சொல்றதுதான் சாட்சி. லேபர் கோர்ட்டுலயே ஒத்துக்கிட்டாங்க."

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வரியை எழுதியது நான். சட்டியின் உள்பக்கம், நெற்றி படும் இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு உணரி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசி, அது நெற்றியில் பட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கும். திரும்பினால் 'தலை இருக்கிறது', திரும்பாவிட்டால் 'தலை இல்லை'. தலை இல்லாதபோது திரையை அணைத்து பேட்டரி மிச்சம் பிடிக்கலாமே என்று ஒரு மழைநாளில் பஜ்ஜி தின்றுகொண்டே எழுதிய வரி. அது போய் லேபர் கோர்ட்டில் சாட்சி சொல்கிறதாம்!

சட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, புதன்கிழமைக்குள் பார்க்கிறேன் என்று அனுப்பினேன்.

டிரைவரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அது அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் பதிவு விசித்திரமாக இருந்தது. உயிருள்ள நெற்றி சும்மா இருக்காது. மூச்சு விடும், சுருங்கும், வேர்க்கும். உணரி சொல்லும் எண் கொஞ்சமாவது ஆடிக்கொண்டே இருக்கும். கலாமணியின் பதினொரு நிமிடத்தில் அந்த எண் ஒரே எண்ணாக, ஆணி அடித்த மாதிரி நின்றது. தலை இருக்கிறது, ஆனால் அந்தத் தலைக்கு மூச்சு இல்லை.

ஒட்டாவியோவிடம் காட்டினேன். "பேய்," என்று எழுதினான். மர்யா தன்னிடம் இருந்த நான்கு சட்டிகளை வைத்து ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, பின்லாந்தில் இப்படி நடக்கவே நடக்காது என்று கையெழுத்துப் போடாத குறையாக எழுதினாள். நானும் துணி, காகிதம், உள்ளங்கை என்று எதை எதையோ வைத்துப் பார்த்தேன். எண் ஆடியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேசையைத் துடைக்க வந்த யமுனா சட்டியைத் திருப்பிப் பார்த்தாள். உணரியின் மேல் விரலை வைத்துத் தேய்த்தாள்.

"இதென்னங்க, பொட்டுப் பசை ஒட்டியிருக்குது?"

"என்னது?"

"ஸ்டிக்கர் பொட்டுங்க. வட்டமாத் தெரியுது பாருங்க."

எழுந்து நேராகக் குளியலறைக்குப் போனேன். கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாகப் பதினாறு பொட்டுகள். பீரோ கண்ணாடியில் ஒன்பது. ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு. எங்கள் வீட்டில் இருபத்து நான்கு வருடமாக நடக்கும் விஷயம், என் கண்ணில் ஒரு நாள்கூடப் பட்டதில்லை. நம் ஊர்ப் பெண்கள் நெற்றியிலிருந்து பொட்டை எடுத்தால் குப்பையிலா போடுகிறார்கள்? கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டி வைப்பார்கள், மறுபடி ஆகும் என்று. கண்ணாடியிலிருந்து ஒரு பொட்டை உரித்துவந்து உணரியின் மேல் ஒட்டினேன். 'தலை இருக்கிறது' என்றது டிரைவர். எண் ஆணி அடித்த மாதிரி நின்றது.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்லாந்தில் நடக்காதாம்! அங்கே எவள் பொட்டு வைக்கிறாள்? மர்யாவுக்கு இதைப் புரிய வைக்க எட்டு பத்தி எழுத வேண்டியிருந்தது. சட்டியின் பட்டை நெற்றியில் உறுத்துகிறது, கலாமணி பொட்டை எடுத்துச் சட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுகிறாள், அது தற்செயலாக உணரியை மூடிவிடுகிறது, அவள் எழுந்து போனாலும் டிரைவருக்குத் தலை இருப்பதாகவே தோன்றுகிறது. அப்பாவித்தனமான பழக்கம். மோசடியாவது ஒன்றாவது! அன்று மாலையே ஒரு திருத்தம் எழுதினேன்: எண் இருபது நொடி ஆடாமல் நின்றால் 'தலை இல்லை' என்று சொல்லிவிடு.

"கலாமணி வேலை தப்பிச்சுது போ," என்றேன் யமுனாவிடம்.

அவள் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. என் சாமர்த்தியத்தை நினைத்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை நெடுங்கை நிலையத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி. லிப்ட் இருக்கிறது, ஓடவில்லை. மேலாளர் ஜெயசீலன் சென்னைக்காரர், நாற்பது வயது, மரியாதையானவர். நெற்றியில் சட்டிப் பட்டையின் சிவந்த தடம். விசாரணை அறையில் கலாமணி ஒரு மூலையில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பொட்டை எடுத்தேன், ஒட்டினேன், விளக்கினேன். ஜெயசீலன் வாய் பிளந்து பார்த்தார்.

"பிரமாதம் சார். எங்க வீட்டு டிரெஸ்ஸிங் டேபிள்லகூட ஒட்டியிருக்கும். நான் மேலிடத்துக்கு எழுதிடறேன், இது பழக்கம்தான், மோசடி இல்லைன்னு. ஆனா ஒரு கண்டிஷன். உங்க திருத்தம் நாற்பத்தொரு ஹெட்செட்லயும் ஏறினாத்தான் அவங்க ஃபைலை மூட முடியும். திங்கட்கிழமைக்குள்ள முடியுமா?"

"தாராளமா," என்றேன். கலாமணி நன்றி சொல்வாள் என்று பார்த்தால் அவள் முகம் வெளுத்திருந்தது. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்தத் திருத்தத்தையும் பழைய பதிவுகளின் மேல் ஓட்டிப் பார்க்காமல் வெளியிடக் கூடாது என்பது எங்கள் மூவரின் கட்டுப்பாடு. ஜெயசீலன் கடந்த ஆறு மாதப் பதிவுகளைக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து ஓட்டினேன். கலாமணியின் பதினொரு நிமிடம் பிடிபட்டது. அது மட்டுமா பிடிபட்டது! முதல் இருக்கையில் ஐந்து நிமிடம். அது முடிந்ததும் இரண்டாம் இருக்கையில் ஐந்து நிமிடம். பிறகு மூன்றாவது. தினமும், ஒரே ஒழுங்கில், தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்த மாதிரி. ஒரே நேரத்தில் இரண்டு பேர் என்பது ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட இல்லை. தற்செயலாம், அப்பாவித்தனமாம்.

பதினேழாம் இருக்கையில் மட்டும் ஒரு நாளைக்கு மூன்று தடவை இருந்தது. அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று எட்டிப் பார்த்தேன். வெள்ளிங்கிரி. ஐம்பது வயது, மீசை காதுவரை, நெற்றியில் பட்டையாகத் திருநீறு. அந்த மனிதர் வாழ்நாளில் ஸ்டிக்கர் பொட்டு வைத்திருக்க மாட்டார்.

கலாமணியை எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது.

"என்னை முட்டாளாக்கிட்டீங்களே?"

"நானுங்களா? பொட்டு, பழக்கம், அப்பாவி எல்லாம் நீங்களாத்தான் சொன்னீங்க. நான் வாயே தொறக்கலை," என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "ஆறு நிமிசங்க. பாத்ரூம் கீழ இருக்குது. மூணு மாடி எறங்கி ஏறவே நாலு நிமிசம் போயிருது. வெள்ளிங்கிரியண்ணனுக்குச் சக்கரை. அவரால அடக்க முடியுமுங்களா? மொதல்ல தண்ணி குடிக்கறதையே விட்டாரு. அப்புறம் ஒரு நாளு சீட்லயே..." நிறுத்திக்கொண்டாள். "மீசை வெச்ச மனுசன், சின்னப் புள்ளையாட்டம் அழுதாருங்க. அன்னிக்குப் பக்கத்து சீட்டு சுமதி தன்ர பொட்டை எடுத்து அவரு சட்டிக்குள்ள ஒட்டி, போயிட்டு வாங்கண்ணான்னு அனுப்புனா. அந்த வித்தை எப்படித் தெரியும்னா, அவ பொட்டு முன்னாடியே ஒருவாட்டி தவறிச் சட்டிக்குள்ள ஒட்டிக்கிச்சு."

"அப்ப அந்த மெசினு? கிடங்குல யாராவது வந்து மோதினா?"

"பக்கத்து சீட்டுக்காரங்க மெசினு போய் அதும் பக்கத்துல நின்னுக்குமுங்க. ஆளு வர்றவரைக்கும் நகராது. நாங்க ஒருத்தர் பூவை ஒருத்தர் கீழ விட்டதில்லை."

நெதர்லாந்தில் குளிர்ந்த கிடங்கு ஒன்றில் ஒரு இயந்திரம் இன்னொரு இயந்திரத்துக்குக் காவல் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வந்த கோபம் எங்கேயோ போய்விட்டது.

"வியாழக்கிழமை பதினொரு நிமிஷம் என்னாச்சு?"

"கீழ தண்ணி வரலை. இந்த டீக்கடைக்காரக்கா வீட்டுக்கு ஓடுனேன்," என்று உள்ளே கை காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க திருத்தத்தைப் போட்டா என்ர வேலை நெலைக்கும். மத்த நாப்பது பேருக்கும் அந்த அஞ்சு நிமிசம் போயிரும். போடாட்டி என்ர வேலை போயிரும். நான் என்னன்னு சொல்லட்டுங்க?"

டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து யமுனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. தவறி ஒட்டினா கோணலா ஒட்டியிருக்கும். அது அளவு பாத்து நடுவுல ஒட்டியிருந்துது."

"சொல்லியிருக்கலாமில்லே?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க."

திருத்தத்தில் ஒரு ஓட்டை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். முடியாது. திறந்த மூலத்தில் திருட்டுத்தனத்துக்கு இடம் கிடையாது. நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் எவனாவது படிப்பான். தவிர ஒன்பது வருடத்தில் அந்த மென்பொருளில் நான் ஒரு பொய் எழுதியதில்லை. இப்போது எழுதவும் மனசு வரவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன்," என்றாள் யமுனா. "பொட்டு ஒட்டியிருக்கறப்ப, அதும் பின்னால தலை இருக்குதா இல்லையான்னு உங்க டிரைவருக்கு நெசமாவே தெரியுமா?"

"தெரியாது. மூடியிருக்குதே, எப்படித் தெரியும்?"

"அப்புறம் என்னத்துக்கு இருக்குது, இல்லைன்னு அடிச்சுச் சொல்லுது? தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

நான் அவளை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் துறையில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், என் மூளைக்கு எட்டவில்லை.

அன்று சாயங்காலம் பழைய திருத்தத்தை அழித்துவிட்டு வேறு எழுதினேன். டிரைவர் இனி மூன்று பதில் சொல்லும். இருக்கிறது. இல்லை. எண் ஆடாமல் நின்றால், 'தெரியவில்லை, உணரியைத் துடைக்கவும்'. அந்த நேரத்தில் இயந்திரத்தை ஓரமாகப் பத்திரமாக நிறுத்திவிடும். மர்யா அரைநாள் குடைந்தாள். 'இல்லை' என்றே வைத்துக்கொள்ளலாமே, எதற்கு மூன்றாவது என்று கேட்டாள். நான் டீக்கடையில் கேட்டதை எல்லாம் எழுதினேன். கடைசியில், "அதெல்லாம் இல்லாவிட்டாலும் இதுதான் உண்மை" என்று முடித்தேன். அவள் ஒரே சொல்லில் ஒப்புதல் கொடுத்தாள். ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் சண்டை போடாமல் ஒப்புக்கொண்ட முதல் வரி அது.

திங்கட்கிழமை ஜெயசீலனுக்குப் பிடிக்கவில்லை.

"தெரியவில்லைன்னா என்ன சார் அர்த்தம்?"

"தெரியலைன்னு அர்த்தம்."

"இருக்கா இல்லையான்னு சொல்றதுதானே டிரைவரோட வேலை?"

"தெரிஞ்சாத்தானே சொல்லும்? தெரியாததைச் சொல்லச் சொல்லி கோர்ட்டுல சாட்சியாவும் நிறுத்தினா எப்படி சார்? வேணும்னா நீங்க உங்களுக்குத் தோதா மாத்திக்குங்க, திறந்த மூலம்தான். ஆனா திருத்தாத அசல் பதிப்பைத்தான் போடணும், திருத்தினா மோசடின்னு உங்க சர்க்குலர்லயே போட்டிருக்கு. அந்தச் சர்க்குலரை வெச்சுத்தான் கலாமணியை விசாரிச்சீங்க."

அவர் நீண்ட நேரம் திரையைப் பார்த்தார். கருவிக் கோளாறு நேரம் கருவியின் கணக்கு, ஆளின் கணக்கில் வராது என்பது அவர்கள் விதி. புதிய டிரைவரில் கலாமணியின் பதினொரு நிமிடமும் 'தெரியவில்லை' என்று, அதாவது கருவிக் கோளாறாக, வந்தது. ஃபைலை மூடினார்; மற்றவர்களின் அந்த ஐந்து நிமிடமும் தப்பியது. கலாமணி அன்று பிற்பகலே தன் இருக்கையில் உட்கார்ந்தாள். பதினேழாம் இருக்கையைத் தாண்டி வெளியே வரும்போது வெள்ளிங்கிரி சட்டியைக் கழற்றாமலே எனக்கு ஒரு கும்பிடு போட்டார். நெதர்லாந்தில் அந்த நேரம் எந்த ரோஜாத் தட்டுக்குக் கும்பிடு விழுந்ததோ, தெரியாது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலன் என் வீட்டுக்கு வந்தார். விதி மாறிவிட்டதோ, கலாமணிக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டதோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் உட்கார்ந்தார். காப்பி நன்றாக இருக்கிறது என்றார். வெயில் அதிகம் என்றார். நெற்றித் தடம் முன்பைவிட ஆழமாக இருந்தது.

"சொல்லுங்க சார், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லை." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நாங்களும் ரூம்ல ஹெட்செட் போட்டுக்கிட்டுத்தான் சார் இருக்கோம். எங்களை மேல இருந்து பாக்கறாங்க. மேலாளர்னா நாலு நிமிஷம்தான் கழட்டலாம்." டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா மெட்ராஸ்ல ஆஸ்பத்திரில இருக்காங்க. டாக்டர் போன் பண்ற நேரம் எனக்கு ஷிஃப்ட் நேரமா இருக்கு. ரெண்டு தடவை எடுக்க முடியலை."

அவர் வாசலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொட்டு... எந்தக் கலர் சார் நல்லா வேலை செய்யும்?"

நான் வாய் திறப்பதற்குள் யமுனாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "கறுப்பு வேண்டாமுங்க, அது வெளிச்சத்தைக் குடிச்சிரும். மெரூன்தான்." கையில் ஒரு புதுப் பொட்டு அட்டையோடு வெளியே வந்தாள். "ரெண்டு மூணாக் கிழிச்சு வெச்சுக்குங்க. வேர்த்தா பசை விட்டுரும்."

கோயிலில் குங்குமம் வாங்குகிற மாதிரி எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.